பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

சுவரில் ஒட்டிய கலர்த் தாளை உரிக்கும்போது வரும் ‘சர்ர்’ என்ற சத்தமும், அதோடு கிளம்பும் புளித்த மைதாப் பசையின் வாடையும், கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஈரச் சாக்கின் மேல் வளர்ந்து மஞ்சளாகிச் சாய்ந்துவிட்ட கேழ்வரகு நாற்றின் வாடையும் சேர்ந்ததுதான் என் சிறு வயது ஜனவரி மாதம். கிறிஸ்துமஸைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அது முடிந்தபின் வீட்டை மறுபடியும் வீடாக்கும் வேலையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அதில் கேக் கிடையாது என்பது காரணமாக இருக்கலாம்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் திருவள்ளூரில், கோயில் குளத்திலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் பார்சல் கிளார்க். அம்மா ஆரோக்கியமேரி, பழவேற்காட்டுப் பக்கம் பிறந்தவள், வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அவளுடைய இரண்டு பெண்களான நானும் தங்கையும் அவள் நீட்டிய ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தோம். வீட்டின் சொந்தக்காரர் கோயில் கைங்கர்யம் செய்யும் வைணவக் குடும்பத்தவர்; எங்களுக்கு அவர் ‘வீட்டுக்கார சாமி’. அவருடைய வீடு எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அவர்களுடைய கிணற்றடி. எங்கள் முன்னறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தக் கிணற்றடியைப் பார்த்துத்தான் திறந்தது, அல்லது திறந்திருக்க வேண்டும்.

வீட்டை வாடகைக்குப் பேசும்போது சாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நாங்கள் என்ன சமைத்தாலும் அது எங்கள் பாடு. ஆனால் அந்த ஜன்னலை எந்நாளும் திறக்கக் கூடாது. அவர் மனைவி மடியாகத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் பிறத்தியார் பார்வையும் படக் கூடாது, மீன் வாடையும் வரக் கூடாது. பிற்காலத்தில் நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முத்திரைத் தாளில் எழுதிச் சாட்சி வைத்துப் பதிவு செய்த நிபந்தனைகளே மை காய்வதற்குள் மீறப்படுவதை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தேன். வாய் வார்த்தையாகப் போட்ட இந்த நிபந்தனையை அப்பா காப்பாற்றிய விதத்தை வேறெங்கும் பார்க்கவில்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டது போதாதென்று, அம்மாவுக்கு அவள் நைனா செய்து கொடுத்த தேக்கு பீரோவை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டார். குற்றம் செய்ய நினைத்தாலும் முடியாது. முன்னறையில் பகலிலேயே பல்பு எரிந்தது. அந்தக் கால மின்சாரத்தில் பல்பு எரிகிறதா என்று பார்க்கவே இன்னொரு பல்பு வேண்டும்.

டிசம்பரில் மட்டும் பீரோ இடம் மாறும். வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் மூலை அதுதான் என்பதால் குடிலை அங்கேதான் வைப்பார்கள். அப்போதும் ஜன்னல் தெரியாது, ஏனென்றால் குடிலுக்கு வானமாக ஒரு நீலத் துணியை, ஜிகினாத் தாளில் வெட்டிய நட்சத்திரங்களை ஒட்டி, ஜன்னலை மறைத்துத் தொங்கவிட்டிருப்போம்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அப்பா எல்லாவற்றையும் இறக்குவார். கடைசியாக ஏறியது முதலில் இறங்க வேண்டும் என்பது அவருடைய விதி. வாசல் நட்சத்திரம், தோரணம், பலூன்களின் சுருங்கிய தோல்கள், பிறகு குடில். குடில் பொம்மைகளான சுரூபங்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது ராஜாக்கள் முதலில், பாலன் கடைசியில். ‘உடையும் பொருள்’ என்று அச்சடித்த பார்சல் ஆபீஸ் தாளை மூடியில் ஒட்டுவார். என் பணிக்காலத்தில் எத்தனையோ அதிகாரிகள் மாறிப் போனபோது பொறுப்பு ஒப்படைப்பு நடந்திருக்கிறது. அந்தச் சுரூபங்கள் பெட்டிக்குள் போனதுபோல ஒழுங்காக ஒன்றும் நடந்ததில்லை. பெட்டி மூடியதும், தரையில் நாலு கால்களின் தடம் தெரிகிற இடத்தில் பீரோ திரும்பவும் போய் நிற்கும். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று பொருள்.

நான் சொல்லவந்த வருஷத்தில் அம்மா அதிகம் பேசாமல் இருந்தாள். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை ஒன்றில் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள். கறுப்புத் துணி, மங்கல் வெளிச்சம், எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று தெரியவில்லை. துணி கொடுத்தவள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அப்பா திட்டவில்லை. அதைவிட மோசமாக, கரிசனத்தோடு பேசினார். “கண்ணைக் கெடுத்துக்காத மேரி. இந்தப் பொங்கல் துணியோட நிறுத்திக்க. மெஷினைக் குடுத்துடலாம், கேக்கறவங்க இருக்காங்க.” அம்மா மெஷின் தலையைத் துடைத்துத் துணியால் மூடி வைத்தாள்.

அந்த வருஷம் பாலன் பெட்டிக்குள் போனதும், நீல வானத்தை அம்மாவே அவிழ்த்தாள். தூசி போகட்டும் என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் தாழ்ப்பாளைத் தட்டினாள். துருப்பிடித்திருந்த தாழ் வரவில்லை. உலக்கையால் ஒரு போடு போட்டாள். கதவு திறந்துகொண்டது.

பகல் வெளிச்சம் முன்னறைக்குள் வந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அது முதலில் செய்த காரியம் எங்கள் வீட்டின் அழுக்கை எல்லாருக்கும் காட்டியதுதான். விட்டத்திலிருந்து ஒட்டடை கயிறு கயிறாகத் தொங்கியது. தோரணம் ஒட்டிய இடமெல்லாம் பசைத் திட்டு, அதைக் கரப்பான் தின்ற வரிகள், காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம்.

அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். “இன்னாங்க இது, இம்மாம் அழுக்குலயா ஏசு பாலனை வச்சிக்கினு இருந்தோம்?”

அப்பா பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தயாராக நின்றார். “பெருக்கிட்டு சாத்திடலாம். இந்தப் பக்கம் புடி.”

“சுண்ணாம்பு அடிக்காம பீரோவை வச்சா பின்னாடி சுவரு அப்படியேதான் கெடக்கும். அடிச்சிட்டு வைக்கலாம்.”

“ஜன்னல்?”

“தொறக்காம சுண்ணாம்பு எப்படிக் காயும்?”

அப்பாவிடம் இதற்கு விதி இல்லை. சுண்ணாம்பு காயும் வரைக்கும் தற்காலிகமாகத் திறந்து வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ‘தற்காலிகம்’ என்ற சொல்லின் ஆயுள் எவ்வளவு என்பது அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்சல் ஆபீஸில் இருந்தும் அப்பாவுக்கு அது தெரியாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து முன்பு வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பானையில் இருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டி, சிட்டிகை நீலம் கலந்து, தென்னை மட்டையைத் தட்டி நாராக்கி, அம்மாவும் நாங்களும் சுவருக்கு அடித்தோம். என் தலையில் பாதியும் சுவரில் பாதியும் விழுந்தது. ஒரு பூச்சு போதவில்லை என்றாள் அம்மா. இரண்டாவது பூச்சுக்கு முதல் பூச்சு காய வேண்டும், அது காய ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இதற்கிடையில் பொங்கல் துணிகள் குவிந்துவிட்டதால் மெஷினை ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், இதுவும் தற்காலிகமாகத்தான். கிணற்றடிக்குப் பார்வை போகாதபடி, குடிலின் நீல வானத்தைக் குறுக்கே வெட்டி மடித்துத் தைத்து, ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரைச்சீலையாக மாட்டினாள். அப்பா டியூட்டி முடிந்து வந்து, “அடுத்த கிறிஸ்துமஸுக்கு வானத்துக்கு எங்க போறது?” என்று கேட்டார். “அதான் ஜன்னலுக்கு வெளிய கீதே,” என்றாள் அம்மா. அன்று அவள் தானாகவே ஊசிக்கு நூல் கோத்தாள். எங்களைக் கூப்பிடவில்லை.

சாமியின் மனைவி கனகவல்லி மாமி முதல் நாளே பார்த்துவிட்டாள். குடத்தைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டுத் திரைச்சீலையை உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டியம்மா ஆரோக்கியம், இதென்னது, ஜன்னல் தொறந்திருக்கு?”

“சுண்ணாம்பு அடிச்சோம் மாமி. காயணும்.”

“துணியில என்ன, நட்சத்திரமா? பட்டப்பகல்ல நட்சத்திரம் கட்டியிருக்காளே!” என்று சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அம்மா தைக்கும் சீட்டித் துணி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தாள். அதற்கடுத்த நாள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வருஷக்கணக்காக இருந்த இரண்டு பெண்கள் அதுவரை பேசிக்கொண்டது வாடகை கொடுக்கும் நாளில் மட்டும்தான்.

போகிக்கு முந்தைய நாள், அறுந்துபோன கிணற்றுக் கயிற்றை மாற்ற வந்த சாமி ஜன்னலைப் பார்த்தார். அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் எங்கள் வீட்டுக்குள் வரமாட்டார். நாங்களும் கூப்பிட்டு அவரைச் சங்கடப்படுத்தமாட்டோம்.

“என்ன சார், வாக்குன்னா வாக்குதானே?”

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “தப்புதான் சாமி. இப்பவே சாத்திடறேன்.”

சாமி திரும்பிப் போனதும் அப்பா உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினார். “புடிங்க,” என்றார். நானும் தங்கையும் பீரோவின் இந்தப் பக்கத்தைப் பிடித்தோம். அம்மா மெஷினை நகர்த்தவில்லை. அதன்மேல் துணியைப் போட்டு மூடினாள். மடித்து வைத்திருந்த பொங்கல் துணிகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினாள்.

“எதுக்கு மூட்டை?” என்றார் அப்பா.

“அவங்கவங்க ஊட்டுல குடுத்துட்டு வரேன். இனிமே தைக்க முடியாதுன்னு சொல்லிட்டு வரேன். மெஷினையும் கேட்டவங்களுக்குக் குடுத்துடுங்க.”

அவள் அழுதிருந்தால் அப்பா பீரோவை நகர்த்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அவள் சாதாரணமாகச் சொன்னதால் பீரோ பாதி வழியில் நின்றது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது. அவள் எங்களோடு பேசவில்லை. ஆனாலும் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே கிணற்றடியில் நின்று பேசினாள்.

“ஏன்னா, மடி யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?”

சாமி ஏதோ மெதுவாகச் சொன்னார்.

“எனக்குத்தானே? அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? எத்தனை வருஷமா அவ இருட்டுல உக்காந்து தைக்கறா! நான் மெஷின் சத்தத்தைக் கேட்டுண்டு இந்தச் சுவத்தோட பேசிண்டிருக்கேன். காலம்பற நான் ஜலம் சேந்தற நாழிக்கு சாத்தினாப் போறும். எப்ப சாத்தணும், எப்ப தொறக்கணும்னு நான் சொல்லிக்கறேன். நீங்க கோயில் காரியத்தைப் பாருங்கோ.”

இதற்குச் சாமி என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. ஆனால் வாசலுக்கு அவர் மறுபடி வரவில்லை. மறுநாள் அப்பாவைத் தெருவில் பார்த்தபோது, “நான் அந்தப் பக்கம் பார்க்கறதில்லை சார்,” என்று மட்டும் சொன்னாராம். ஒரு நிபந்தனையை ரத்து செய்யாமல், திருத்தாமல், அதை அப்படியே இருக்கவிட்டு எல்லாரும் நிம்மதியாக வாழ வழி செய்யும் உத்தரவு இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது. அலுவலகத்தில் நான் எழுதிய குறிப்புகளெல்லாம் இதன் முன்னால் வெறும் காகிதம்.

பிறகு ஒரு நடைமுறை உருவாயிற்று. காலையில் மாமி ஈரப் புடவையோடு வரும்போது ராட்டினத்தைச் சும்மா இரண்டு தரம் ‘கடகட’ என்று உருட்டுவாள். அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். வேலை முடிந்ததும் குடத்தில் விரலால் ஒரு தட்டு, ஜன்னல் திறக்கும். மீன் வாங்கும் நாளில் அம்மாவே முதலில் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு நாள் மறந்துபோய்க் கருவாட்டை வறுத்துவிட்டாள். “ஆரோக்கியம், இன்னிக்கு உங்காத்துல விசேஷமோ?” என்று கிணற்றடியிலிருந்து கேள்வி வந்ததும் ஜன்னல் சாத்தப்பட்ட வேகத்தில் புதுச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மாமி சிரித்தது சாத்திய கதவையும் தாண்டிக் கேட்டது.

பொங்கல் துணிகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பீரோவை உள்ளறையில் வைத்தோம். மெஷினை விற்பதைப் பற்றி அப்பா பிறகு பேசவில்லை. அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை வரைக்கும் தைக்க ஆரம்பித்தாள். என்னைப் படிக்கவைத்தது அந்த மெஷின்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்றிய பிறகு, எந்த நிலையில் வாங்கினோமோ அந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பா ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டுப் போடப் போனார். கிணற்றடியில் நின்றிருந்த மாமி கதவின்மேல் தட்டினாள்.

“தொறந்தே வெச்சுட்டுப் போங்கோ. அடுத்து வரவாளுக்கும் கண்ணு இருக்குமோல்லியோ?”

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பையும் மைதாப் பசையையும் யாரும் கேட்பதில்லை. தோரணம் இப்போது ஒட்டுவதற்கென்றே விற்கும் கொக்கியோடு வருகிறது, சுவரில் தடமே விழாமல் இறங்கிவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் மாமியும் சாமியும் போய் வெகு காலமாயிற்று. நிபந்தனைகள் மட்டும் எங்கும் போகவில்லை, முன்னைவிட மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

என் தங்கை மகள் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன ஜனவரியில் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரர் மீன் கூடாது என்று சொன்னதாகத் தொலைபேசியில் சொன்னாள். ஒப்பந்தப் பத்திரத்தின் எந்தப் பிரிவில் எப்படி ஆட்சேபிக்கலாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

“அதெல்லாம் வேணாம் பெரியம்மா,” என்றாள். “எதிர் பிளாட் அக்காவுக்குத்தான் வாசனை ஆகாதாம், அவங்களுக்காகச் சொல்லியிருக்காரு. நானே போய்ப் பேசிட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், மத்த நாள்ல சமையக்கட்டு ஜன்னலைச் சாத்திக்கோன்னாங்க. சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்காங்க.”