சிக்னல் இல்லாத இரண்டு நாளில் வாசித்த கதை

எனக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளையைக் கண்டு எனக்குப் பயம். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எட்டு மாதம் ஆனது. இன்று அதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன் என்றால், அது ஆண்டவர் செய்த காரியம்.

என் பெயர் சுகந்தி. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா பால் வெட்டுகிறார். நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அம்மாவும் நானும் ஆறு வருடமாகச் சபைக்குப் போகிறோம். அப்பா கோயிலுக்குப் போகிறவர். எங்களை ஒரு நாளும் தடுத்ததில்லை.

அந்த மாப்பிள்ளையின் பெயர் இங்கே வேண்டாம். பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். என் போனைத் திருத்தக் கொடுத்ததில்தான் பழக்கம். மரியாதையாகப் பேசினார். சபைக்கும் இரண்டு மூன்று முறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் ஜெபத்துக்குப் பதில் இவர்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். நிச்சயமும் முடிந்தது.

அந்த வாரமே தொடங்கிவிட்டது. எங்கே இருக்கிறேன் என்று மணிக்கொரு முறை சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறினால் வீடியோவில் வந்து பக்கத்தில் யார் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது போன் அடிக்கும். எடுக்கப் பிந்தினால் அன்று முழுவதும் ஏச்சு. ஒரு முறை பஸ் நிலையத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். முகத்தில் சிரிப்போடுதான் முறுக்கினார். பார்த்தவர்களுக்கு விளையாட்டாகத் தெரிந்திருக்கும்.

எனக்கு இது வேண்டாம் போலிருக்கிறது என்று ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. என் படம் ஒன்றை எனக்கே அனுப்பினார். முகம் என்னுடையது. உடம்பு என்னுடையது இல்லை. திருத்தக் கொடுத்த அன்றே என் போனிலிருந்த படங்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். "தோட்டத்து குரூப்புல போட அஞ்சு நிமிஷம் போதும். உங்கப்பா தூக்குல தொங்கிருவாரு," என்று குரலில் அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. சோறு இறங்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது காய் வெடிக்கிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போடும். அம்மா கேட்டால் வயிற்று வலி என்றேன். ஜெபித்தேன். உபவாசம் இருந்தும் ஜெபித்தேன். "ஆண்டவரே, அவரை மாத்துங்க. இல்லாட்டி எனக்குத் தாங்குற பெலன் தாங்க." எட்டு மாதமும் இதே ஜெபம். ஒன்றும் நடக்கவில்லை. தேவன் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

போன வருடம் மே மாத மழையில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு மேலே மண் வெடித்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்து, எங்கள் லயத்துச் சனம் முழுவதும் சபை மண்டபத்தில் வந்து தங்கினோம். மலை எந்த நிமிடம் இறங்குமோ என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. அந்த முதல் இரவு நான் அசந்து தூங்கினேன். காலையில் எழுந்தபோதுதான் யோசித்தேன். இத்தனை பேர் பயந்து கிடக்கும் இடத்தில் நான் மட்டும் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறேன்? அவரால் என்னைக் கூப்பிட முடியாது. அதுதான் காரணம். மலை விழுவதைவிட எனக்கு அவர்தான் பெரிய பயம் என்று அன்று விளங்கியது. விளங்கியதும் இன்னும் பயமாகிவிட்டது.

எங்கள் பாஸ்டரம்மா ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுவந்து வைத்தார். "சும்மா இருந்து பயந்துகிட்டே இருக்காம எதயாச்சும் வாசிங்க புள்ளைங்களா," என்றார். கையில் வந்ததை எடுத்தேன். அட்டை இல்லை, முதல் பக்கமும் இல்லை. எழுதினவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நாலு வரி வாசித்ததும் அது காதல் கதை என்று தெரிந்தது. திருப்பி வைக்கப் போனேன். காதல் கதை வாசிப்பது பாவம் என்று நினைத்திருந்தவள் நான்.

"இதுவும் நம்ம விசுவாசிங்களப் பத்தின கததான். வாசி," என்றார் பாஸ்டரம்மா.

ஒரு தாதி, ஒரு தச்சுவேலைக்காரர். இருவரும் ஒரே சபை. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லாத கதை. ஓரிடத்தில் அந்தப் பெண் வேலை முடிந்து இரண்டு மணித்தியாலம் பிந்தி வருகிறாள். அவர் மழையில் காத்து நிற்கிறார். அவள் வழியெல்லாம் என்னென்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வருகிறாள். இப்போது ஏசுவார், இப்போது கையைப் பிடித்து முறுக்குவார் என்று பக்கத்தைத் திருப்பினேன். அவர் கேட்டது, சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான்.

அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் அழுதேன். இப்படியும் ஒரு மனிதர் கேட்கலாமா? பிந்தி வந்தவளிடம் இப்படியும் பேசலாமா? என் எட்டு மாத ஜெபம் தவறானது என்று அப்போது உணர்ந்தேன். தாங்குகிற பெலனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இதைத் தாங்கச் சொல்லி ஆண்டவர் என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, என் வாயத் திறந்து விடுங்க." அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை சிக்னல் வந்தது. குறுஞ்செய்திகள் நிற்காமல் வந்து விழுந்தன. கடைசியாக வந்தது: "மண்டபத்துக்கு வாரேன்."

அப்பா குழாயடியில் குந்திக்கொண்டு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படியோ போய் நின்றேன்.

"அப்பா, எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம்."

"ஏன்?"

"பயமா இருக்குப்பா."

போனை நீட்டினேன். அப்பா கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தப் படமும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் என்று நின்றேன்.

"இத எத்தன நாளா தனியா வாசிக்கிற?"

"எட்டு மாசமாப்பா."

"எங்கிட்ட சொல்ல வேணாமா புள்ள," என்றார். அவர் குரல் உடைந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. "ஏறு," என்றார் என்னிடம்.

என் வாய் திறந்தது. "வரல்ல."

"படம் இருக்கு. தெரியுமில்ல?"

"இருக்கட்டும். அப்பா பாத்துட்டாரு."

அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். பின்னால் அப்பாவும் அம்மாவும் பாஸ்டரம்மாவும் லயத்துப் பெண்களும் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அவரை வெட்டப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "நான் கைய வச்சா என்னயத்தான் உள்ள போடுவாங்க. வா, பொலிசுக்குப் போவோம்," என்றார். அங்கே பெண்கள் பிரிவில் இருந்த பெண் அதிகாரி, நோனா என்போம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்பா சிங்களத்தில் சொல்லச் சொல்ல எழுதினார். முடிவில் என் கையைத் தொட்டு, "பய வென்ன எபா நங்கி," என்றார். பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். ஆண்டவர் சிங்களத்தில் பேசியது போலிருந்தது.

எல்லாம் அன்றோடு முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். அந்தப் படம் குரூப்பில் வந்தது. இரண்டு நாள் நான் வெளியே இறங்கவில்லை. மூன்றாம் நாள் முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். "வாங்க டீச்சர், புள்ளைங்க படிக்கணும்," என்றார்கள். படத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அவருடைய போன்களைப் பொலிஸ் எடுத்துவிட்டது. வழக்கு நடக்கிறது. பயம் இப்போதும் இடைக்கிடை வரும். வந்தால் யாரிடமாவது சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவசரமும் இல்லை. அப்பா இன்னும் கோயிலுக்குத்தான் போகிறார். ஆண்டவர் எனக்குப் பதில் அனுப்பியது அவர் மூலமாகத்தான்.

இப்போது எங்கள் மண்டபத்தில் ஒரு சின்ன அலுமாரி இருக்கிறது. விசுவாசிகள் எழுதிய காதல் கதைகள், அனுபவக் கதைகள் அதில் வைத்திருக்கிறோம். வேதத்துக்குப் பதிலாக இவற்றை வாசிக்கச் சொல்லவில்லை. வேதம் வாசித்த பிறகு வாசியுங்கள். எல்லாக் கதையும் நல்லதும் இல்லை. கதாநாயகி ஜெபித்தவுடன் பணக்கார மாப்பிள்ளை வருகிற கதைகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அடிக்கிறவனை அழுதழுது பொறுத்துத் திருத்துகிற கதைகளை அலுமாரியில் வைப்பதே இல்லை. கதையில் வரும் பெண் தன் கணவனிடம் பயமில்லாமல் பேசுகிறாளா என்று பார்த்து வாசியுங்கள். உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

போன மாதம் ஆராதனை முடிந்து ஒரு அக்கா வந்தார். மகளுக்கென்று முன்பு ஒரு புத்தகம் கொண்டுபோனவர். கல்யாணமாகி இருபது வருடம். "இன்னொன்னு தாங்க டீச்சர்," என்றார்.

"மகள் வாசிச்சு முடிச்சிட்டாளா அக்கா?"

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இது அவளுக்கு இல்ல. எனக்கு."

நான் அலுமாரியைத் திறக்கவில்லை. பாயை விரித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஸ்டரம்மாவும் வந்து உட்கார்ந்தார். அவர் பேசத் தொடங்க வெகு நேரம் ஆனது. நானும் பாஸ்டரம்மாவும் காத்திருந்தோம்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத பயம் இருந்தால், தாங்குகிற பெலனைக் கேட்காதீர்கள். வாயைத் திறக்கும்படி கேளுங்கள். எனக்குத் திறந்தவர் உங்களுக்கும் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நாங்கள் பக்கத்தில் உட்காருவோம்.