கரி பூசாத முகம்

பர்மாவில், தாகேதா பேட்டையில் பிறந்த செங்கோடன் சிரிப்பு நடிகர். கோயில் திருவிழா நாடகங்களில் போலீஸ்காரராகவும் மாமியாராகவும் வந்து ஊரைச் சிரிக்க வைத்தவர். பிறகு பர்மிய வீடியோ படங்களில் நடிக்கப் போனார். அங்கே அவருக்கு ஒரே வேடம்தான். முகத்தில் கரி பூசிக்கொண்டு, பர்மிய மொழியைக் கடித்துத் துப்பும் இந்தியக் கடலைக்காரன்.

போன மாதம் அதே நகரத்தின் லத்தா சந்தையில் படப்பிடிப்பு. ஒப்பனைக்காரர் உதுமான் கரிக்கிண்ணத்தோடு வந்ததும் செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆண்டவன் பூசினதே போதும்யா. எடுத்துட்டுப் போ."

"அண்ணே, வம்பு வேணாம். டைரக்டர் சயா விரட்டிடுவாரு."

"விரட்டட்டுமே. சிரிப்பு என்கிட்டதானே இருக்கு, கிண்ணத்துலயா இருக்கு?"

கரி இல்லாமலே கேமரா முன் போய் நின்றார். தாகேதா தெருவில் பேசுகிற பர்மிய மொழியிலேயே சரளமாகக் கடலை விற்றார். இயக்குநர் சயா கத்தினார்: "உனக்கு மொழி வராதுய்யா! திக்கித் திணறிப் பேசு!"

"சயா, நான் இந்த ஊர்லயே பொறந்தவன். நீங்க மண்டலேலேருந்து வந்தவங்க. திணற வேண்டியது யாரு?"

வேடிக்கை பார்த்த மீன்காரப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சயா அவரை அங்கேயே நீக்கிவிட்டு வேறு ஆளுக்குக் கரி பூசச் சொன்னார்.

செங்கோடன் வீட்டுக்குப் போகவில்லை. வேடத்துக்குக் கட்டிய முண்டாசை அவிழ்த்து சயாவின் நாற்காலியில் போட்டார். மீன் கூடைகளுக்கு நடுவே நின்று, மீதிக் காட்சியைத் தன் பாணியில் நடிக்கத் தொடங்கினார். சந்தையே அங்கே திரண்டது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் சயாவால் அன்று ஒரு காட்சிகூட எடுக்க முடியவில்லை.