காவல் கப்பலுக்குப் பெயரெழுதிய மாரியப்பனார்

யாங்கோன் வாழ் தமிழ்ப் பெருமக்களே! தாகேதாவிலிருந்தும் லைங் தாயாவிலிருந்தும் இந்த ஞாயிறு நண்பகலில் நம் மன்றத்திற்கு வந்து அமர்ந்திருப்போரே! உங்கள் முன் படிப்பதற்காகவே இதை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். தாளில்லாமல் பேசினால் என் நாக்கு தன் போக்கில் ஓடிவிடும். முன்பொருமுறை அப்படித்தான் ஓடியது.

நம்மவர் ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், மருத்துவமனைப் பிணவறையில் மூன்று நாளாகக் கிடக்கிறார். கால் கட்டைவிரலில் எண் கட்டியிருக்கிறார்கள், பெயர் கட்டவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் உறவினரோ, அவர் சார்ந்த மன்றத்தார் ஐவரோ கையொப்பமிட்டு அவரை ஏற்க வேண்டும். இல்லையேல் நாளைக் காலை ஆளில்லாப் பிணங்களோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். நாம் இத்தனை பேர் உயிரோடு இருக்கும் நகரில், ஒரு தமிழருக்கு ஆளில்லை என்று எழுதப் போகிறார்கள். இதுவே என் முறையீடு.

செய்தி வெள்ளிக்கிழமை காலை வந்தது. அழைத்தவர், டாலாவில் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் கோ துன், பர்மியர், நம்மவரிடம் பழகி அரைகுறைத் தமிழ் பேசுபவர். “சயா, ஊ மாரி போய்ட்டாரு. ரெண்டு நாளா கதவு தெறக்கல. நான்தான் ஒடச்சேன். யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. செவுத்துல ஒரே ஒரு நம்பர்தான் எழுதியிருந்துச்சு. அது உங்க நம்பர்” என்றார். அவர்கள் வாயில் நான் சயா, அதாவது ஐயா; நம் மாரியப்பனார் ஊ மாரி.

நான் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே, கப்பலுக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தில், அளந்து கோடிட்டு எழுதப்பட்ட என் தொலைபேசி எண். அதைக் கேட்டு வாங்கிக் கொண்ட இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் என்னை அழைத்ததில்லை.

அறியாதோருக்குச் சொல்கிறேன். மாரியப்பனார் தாகேதாவில் பிறந்தவர். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மாரியப்பனார் டாலாவில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வண்ணம் பூசும் பணியில் சேர்ந்தார். மனைவியார் முதற் பேற்றிலேயே குழந்தையோடு மறைந்தார். அதன்பின் அந்த அறையில் ஒரு தட்டு, ஒரு குவளை.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சுற்றுக்காவல் கப்பல் ஒன்று அத்துறைக்கு வந்தது. போரில் மாண்ட இளம் படைத்தலைவர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். காயம்பட்ட தோழர்களையெல்லாம் தோணியேற்றி அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் கரையில் நின்று மடிந்தவராம் அவர். ஆண்டுதோறும் அக்கப்பலை மேட்டிலேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, புதுப்பூச்சுப் பூசி, கடைசியில் முகப்பின் இருபுறமும் அவ்வீரரின் பெயரை எழுதுவார்கள். பெயரெழுதும் தூரிகையை மாரியப்பனார் பிறர் கையில் கொடுத்ததே இல்லை.

பர்மிய எழுத்து வட்டங்களால் ஆனது. கப்பலின் முகப்போ வளைந்தது. அதில் வட்டத்தை வட்டமாகவே எழுதினால், தண்ணீரிலிருந்து பார்ப்பவனுக்கு நசுங்கித் தெரியும். ஆகவே அவர் நசுக்கியே எழுதுவார். பலகையில் தொங்கியபடி எழுதுவார், இறங்கித் தொலைவு போய்ப் பார்ப்பார், மீண்டும் ஏறுவார். எதற்கு இத்தனை பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

“அந்த மனுசனுக்குக் கல்யாணமே ஆவலையாம் ஐயா. பேரு சொல்லப் புள்ள இல்ல. அதான் கப்பலுக்கு வச்சிருக்காங்க. எனக்கும் புள்ள இல்ல. ஒரு சம்பான் தோணிக்காச்சும் எம் பேர வைப்பாங்களா, நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதலாண்டுப் பூச்சு முடிந்து கப்பலை நீரில் இறக்கிய நாளில் நடந்ததைத் துறையே சொல்லிச் சிரிக்கும். பர்மியர் நீர்த்தெய்வத்துக்குப் படைக்கும் தேங்காயைக் காம்போடு முழுதாக, வாழைச் சீப்புகளுக்கு நடுவே வைப்பார்கள், அதை உடைக்கலாகாது. நம்மவர் என்ன செய்தார்? படையலை முகப்பருகே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். கொண்டுபோனவர், பழகிய கை, ஓங்கி ஒரே அடியில் தேங்காயை உடைத்துவிட்டார். மாலுமிகள் ஓடிவந்து சிதறிய சில்லுகளைப் பொறுக்கினார்கள்.

“ஊ மாரி! சாமிக்கு வச்சத ஒடச்சிட்டியே! இனி தண்ணிச் சாமி எதத் திங்கும்?” என்று கப்பல் தலைவர் பர்மிய மொழியில் கத்தினார்.

“கோச்சுக்காதீங்க சயா. எங்க சாமிக்குப் பல்லு கெடையாது. ஒடச்சுக் குடுத்தாத்தான் திங்கும்” என்றார் மாரியப்பனார்.

கப்பல் தலைவரே சிரித்துவிட்டார். அவசரமாக வேறொரு முழுத்தேங்காய் வந்தது. அன்று முதல் உடைத்த தேங்காயைக் கண்டால் அக்கப்பலில் எல்லோரும் ஊ மாரியின் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் தெரியும். நம் வணிகர் ஒருவர் உரிய தாள்கள் இல்லாமல் பாக்கு மூட்டைகளை மீன்பிடிப் படகொன்றில் மறைத்து அனுப்பினார். ஆற்று முகத்துவாரத்தில் அந்தக் காவல் கப்பல் மறித்தது. படகு பறிபோயிற்று. படகோட்டிய செல்வா எட்டுத் திங்கள் சிறையில் கிடந்தார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த ஞாயிறு இதே மேடையில் ஏறி நான் முழங்கினேன். உடன் உண்டு உளவு சொன்ன கை எது என்று கேட்டேன். ‘காவல் கப்பலின் வண்ணம் எந்தக் கையில் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்’ என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாத் தலையும் ஒருபுறம் திரும்பியது.

அவர் எழுந்தார். “ஐயா, பேரச் சொல்லிப் பேசுங்க. நான் நின்னு பதில் சொல்றேன்” என்றார்.

நான் என்ன சொன்னேன்? “குற்றமுள்ளவர் தாமே எழுந்து நிற்கிறார்” என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். அவர் நடந்து வெளியே போனார். அதற்குப்பின் இவ்வாயிலை அவர் மிதிக்கவில்லை. கோவில் விழாவில் தேர் வரும்போது சாலைக்கு எதிர்ப்புறம் நின்று கும்பிட்டுவிட்டுப் படகேறிப் போவார். எவரும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை.

நான்கு திங்கள் கழித்து, படகுத்துறைத் தேநீர்க்கடையில் அந்தக் கப்பல் தலைவரைக் கண்டேன். உளவு சொன்னவர் யார் என்று கேட்டேன். அவர் வியந்தார். “யாரும் சொல்லல சயா. மீன் புடிக்கப் போறேன்னான் ஒருத்தன். வல காஞ்சு கெடக்கு. முன்னால பாத்தா ஒடச்ச தேங்கா, குங்குமம், மாவெல. எந்த பர்மாக்கார மீனவன் தேங்காய ஒடைப்பான்? அப்புறந்தான் ஏறிப் பாத்தோம்” என்றார். மாரியப்பனார் அன்று எங்கே இருந்தார் என்றேன். “கரையிலதான். எங்க கப்பல்ல அவர் ஒரு நாளும் கடலுக்கு வந்ததே இல்லையே!” என்றார்.

காட்டிக் கொடுத்தவர் எவரும் இல்லை, தோழர்களே. படகு புறப்படும்போது நாம் உடைத்த தேங்காய் நம்மைக் காட்டியது.

அன்றே ஆறு கடந்தேன். அவர் பலகையில் தொங்கிப் பெயரெழுதிக் கொண்டிருந்தார். இறங்கி வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டபடி கையிலிருந்த வண்ணத்தைத் துணியில் துடைத்தார். பிறகு, “அவங்களுக்குத் தேங்கா ஒடைக்கிற பழக்கத்தக் காட்டுனதே நான்தானே! ஒரு வகையில நாந்தான் காட்டிக் குடுத்தேன் போலருக்கு” என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், கையமர்த்தினார். “இங்க வேணாம் ஐயா. கப்பலுக்குக் காது இல்ல. மேடையில சொன்னத மேடையில திருப்பிச் சொல்லுங்க. அப்ப நான் வர்றேன்” என்றார். என் எண்ணை அன்றுதான் கேட்டு வாங்கிக் கொண்டார்.

அடுத்த விழாவில் சொல்வதாக வாக்களித்தேன். அவ்விழா வந்தது, போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. முழங்கிய வாயால் தவறினேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அக்கரையில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவர் தனிமைக்கு நானே காரணம்.

நேற்று நம் மன்றச் செயலாளரிடம் கையொப்பம் கேட்டேன். “அந்த ஆளுக்கா? செல்வா வீட்டுல மூஞ்சியில முழிக்க வேணாமா?” என்றார். அவரைக் குறை சொல்லேன். அவர் நெஞ்சில் இருப்பது என் பேச்சு.

ஆகவே இம்மேடையில், உங்கள் எல்லோர் காதிலும் விழச் சொல்கிறேன்: மாரியப்பனார் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் சொன்னது பொய். மாரியப்பனாரே, காலம் கடந்து சொல்கிறேன்; பொறுத்தருள வேண்டுகிறேன். சென்று வருக.

அந்தக் கப்பல் இப்போது தெற்கே கடலில் இருக்கிறது. அதிலுள்ளோர் இன்னும் அறியார். முகப்பில் அவர் எழுதிய வட்டங்கள் அலைக்கு மேலே ஏறி இறங்கிக் கொண்டிருக்கும்.

மருத்துவமனைத் தாள் இதோ மேசைமேல். முதல் வரியில் நான் ஒப்பமிட்டுவிட்டேன். நான்கு வரிகள் வெறுமையாக இருக்கின்றன. செல்வா, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறீர்கள். சிறையிருந்தவர் நீங்கள், உங்கள் கையொப்பம் விழுந்தால் மற்ற மூவர் தாமே வருவர். கூட்டம் முடியட்டும் என்று காத்திராதீர்கள். இரண்டு மணிப் படகில் நாம் ஐவரும் ஏறியாக வேண்டும். எழுந்து வாருங்கள், செல்வா. இப்போதே வாருங்கள்.