நான் மாற்றி வாசித்த கடிதம்

எங்கள் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிடுகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூசுகிறது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் எனக்கு வேலை. கொஞ்சம் படித்தவன் என்பதால், நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு இங்கிலீஷில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். "வாசிச்சு சொல்லுங்கண்ணே" என்பார்கள். இருபது வருஷமாக ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. என் மகளுக்கு வந்த கடிதத்தைத் தவிர.

காயத்திரிக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. பார்வை திரும்பினால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். திரும்பவில்லை. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் தங்கிப் படித்து, உயர்தரப் பரீட்சை பாஸாகி வந்தாள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படிக்கப் போகிறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"திரையே தெரியாத புள்ளைக்கு அது எப்படிம்மா சரிவரும்? டெலிபோன் எடுக்கிற வேல ஏதாச்சும் பாப்போம்."

"திரையில உள்ளத கம்ப்யூட்டரே வாசிக்கும்ப்பா. நான் காதால கேட்டு விரலால எழுதுவேன்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், மாசி மாதம், கொழும்பில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பத்து நாளுக்குள் வருவதாகச் சொல்ல வேண்டும். தனியாகக் கொழும்பில் என்ன செய்வாள் என்று பயம் ஒரு பக்கம். வெள்ளைப் பிரம்போடு அவளை நாலு பேர் பார்க்கக் கூட்டிப் போக வேண்டுமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். வெட்கம்தான் பெரிதாக இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். "எடம் இல்லயாம்மா. மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்காங்க" என்று வாசித்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் போனைத் தொடவில்லை. இரண்டு வாய் சோற்றோடு எழுந்துவிடுவாள். கொழுந்து பறித்துக் களைத்து வந்த என் மனைவி ஊட்டிவிட்டுப் பார்த்தாள், பலனில்லை. கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. சாமித்தட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். "தாயே, நான் செஞ்சது வெளிய தெரியாம எம்புள்ளய தேத்திவிடு" என்று அழுதேன். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று நீங்கள் கேட்கலாம். அப்படித்தான் வேண்டினேன்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் படத்தைத் துடைத்துப் பொட்டு வைப்பது காயத்திரிதான்; முந்தின வெள்ளி மட்டும் அதற்கும் எழாமல் படுத்திருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரியாது என்று ஒளித்தேனே தவிர, அவள் கைக்குத் தெரியாத இடம் அந்த வீட்டில் எது என்று யோசிக்கவில்லை. வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவளுடைய போன் பேசுகிற சத்தம் கேட்டது. கேமராவைக் காட்டினால் அது கடிதம் வாசிக்கும். இங்கிலீஷில் வரிக்கு வரி வாசித்தது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

காயத்திரி கடிதத்தோடு வெளியே வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க வாசிச்சதால நான் போன்கிட்ட கேக்கலப்பா" என்றாள்.

வீட்டில் சிக்னல் எடுக்காது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனால்தான் எடுக்கும். "வாங்கப்பா, இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று பிரம்பை எடுத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மடுவத்தில் பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நின்றார்கள், என் மனைவியும் நின்றாள். அத்தனை பேருக்கும் முன்னால் காயத்திரி போனில் பேசினாள். எனக்குக் கண் தெரியாது, ஆனால் வருகிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். நான் தலை குனிந்து நின்றேன், அவளைப் பற்றிய வெட்கத்தால் அல்ல.

இன்று அவள் கொழும்பில் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதுகிறாள். இப்போது வீட்டிலும் சிக்னல் எடுக்கிறது; லீவில் அவள் வரும்போது பார்வையில்லாத பிள்ளைகள் போனில் யோசனை கேட்பார்கள். "மவுஸ மறந்துருங்க, கீபோர்ட் கைக்கு வரணும். இங்கிலீஷ் காதுக்குப் பழகணும். கண் தெரியாதுங்கிறத மறைக்காதீங்க, பரீட்சைக்கு முன்னமே திரைய வாசிக்கிற வசதி வேணும்னு கேளுங்க. எல்லாருக்கும் இந்த வேல புடிக்காது, ஆறு மாசம் எழுதிப் பாத்துட்டு முடிவெடுங்க" என்பாள். கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வாள்: "ஒங்களுக்கு வர்ற கடிதத்த நீங்களே வாசிங்க." அந்த நேரம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நான் கேட்டதில் பாதியை அம்மன் கொடுத்தாள், பிள்ளையைத் தேற்றினாள். மறைக்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. அதற்குத்தான் அவளுக்கு முதல் நன்றி. பிள்ளை பெற்றவர்களே, அவளை நம்புங்கள். பிள்ளையையும் நம்புங்கள்.

போன திருவிழாவில் அந்த வெள்ளிக் கண்மலரைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசாரி தட்டை வாங்கி, "புள்ள பேருக்குத்தானே?" என்றார்.

"இல்லீங்க, என் பேருக்கு" என்றேன்.