மூன்று விரற்கடை

எங்கள் ரயில் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கிக்குள் ஓடியது. உண்மையான ரயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்து வந்தவர்கள் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசிவிட்டுத் தங்கள் பிழைப்பைக் கவனித்தார்கள். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது தெளியவே இல்லை. ஊரில் எங்களுக்கு ரயில் பைத்தியங்கள் என்று பெயர். தப்பாகச் சொல்லிவிடவில்லை.

கிட்டங்கி, தெலுங்கு பேசும் ஒரு பஞ்சு வியாபாரியுடையது. மூத்தவர், ஆகவே எங்களுக்கு அண்ணாச்சி. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை, காலி மண்ணெண்ணெய் டின்களுக்குப் பஞ்சமில்லை. மூன்றாமவன் அதே ஊரில் ஒரு ராவுத்தர் துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவன். அவனும் ராவுத்தர்தான். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். "யாரு யாருக்குலே பொண்ணு குடுத்திய?" என்று அண்ணாச்சி கேட்பார்.

பஞ்சுப் பொதிகளைக் கட்டும் இரும்புப் பட்டைகள்தான் எங்கள் தண்டவாளம். அவற்றைப் பலகைமேல் நிறுத்தி ஆணியடித்து வட்டமாகப் பாதை போட்டவன் துணிக்கடைக்காரன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலத்தைக் கேஜ் என்று சொல்வார்கள் என்பதைச் சாத்தூர் ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு வந்திருந்தோம். அந்தச் சொல்லை நாங்கள் செலவழித்த செலவு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் கேஜ் மூன்று விரற்கடை. அதாவது அவனுடைய மூன்று விரல். துணியைத் தொட்டுத் தொட்டே மெலிந்துபோன மாதிரி இருக்கும் அந்த விரல்களைத் தண்டவாளங்களுக்கு இடையே வைத்து, சாண் சாணாக நகர்ந்துகொண்டே ஆணி அடித்தான். நான் கடையிலிருந்து அளவுகோல் எடுத்து வருகிறேன் என்றதற்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாள் பூரா மொழம் போடுத கை இது. எங் கை பொய் சொல்லாது மாப்ள."

நான் டின் தகட்டை வெட்டிப் பெட்டிகள் செய்தேன். அவற்றுக்குச் சக்கரம் கோத்தவனும் அவன்தான், அதே மூன்று விரலை வைத்து. பழைய சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில்லைப் போட்டு எஞ்சின் ஒன்று செய்தோம். முடுக்கிவிட்டால் இரண்டு சுற்று ஓடும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவனும் நானும் வண்டியேறி ராஜபாளையம் போய்விடுவோம். ரயில் ஓடும் நேரம் கொஞ்சம், பேசும் நேரம்தான் அதிகம். சாத்தூரில் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பேசுவோம். டிரைவர் நின்றது வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். கிட்டங்கியில் பஞ்சு நெரிந்து கிடக்கும்போது, ஸ்பிரிட் விளக்கு வைத்து நீராவி எஞ்சின் ஓட்டலாமே என்று துணிக்கடைக்காரன் வேண்டுமென்றே கேட்பான். "ஏமிரா, என்னக் கொளுத்திட்டுப் போறதுக்கா வந்த?" என்று அண்ணாச்சி எழுந்துவிடுவார். அவர் எழுந்து நிற்பதைப் பார்ப்பதற்காகத்தான் அவன் கேட்பதே.

பிறகு அந்தத் துணிக்கடை நொடித்தது. வேறு கடையில் வேலை கிடைக்கவில்லை. கொழும்பில் தெரிந்தவர் துணிக்கடை இருக்கிறது, கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள் என்றான். தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். நானும் அண்ணாச்சியும் சாத்தூர் வரை போய் ரயிலேற்றிவிட்டோம். முதல் தடவையாக ரயிலில் ஏறப் போகிறவன், எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான். புறப்படும்போதுதான் தலையை வெளியே நீட்டினான்.

"சுருள் தேஞ்சு போச்சு, அந்த எஞ்சின் ரொம்ப நாள் தாங்காது. நான் ஒண்ணு செஞ்சு அனுப்புதேன். நீங்க ரெண்டு பேரும் கைய வச்சுக் கெடுத்துராதிய!"

அவன் சொன்னபடியே அடுத்த வருஷம் சுருள் அறுந்தது. பாதையும் பெட்டிகளும் சும்மா கிடந்தன. நாங்கள் வேறு எஞ்சின் செய்யவில்லை, அவனுடையது வரட்டும் என்று இருந்தோம். கொழும்பிலிருந்து வருகிறவர்களிடம் அவன் சேதி சொல்லி அனுப்புவான். துணிக்கடையில் சௌக்கியமாக உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன், இங்கே தண்டவாளம் நம் ஊரைவிட அகலம், எஞ்சின் பாதி முடிந்துவிட்டது. எல்லாச் சேதியும் இப்படித்தான் இருக்கும். எஞ்சின் பல வருஷங்களாகப் பாதியிலேயே நின்றது. உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கு அம்புட்டுச் சோம்பலா என்று அண்ணாச்சி வைவார். நானும் கூடச் சேர்ந்து வைவேன்.

ஒரு நாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கொழும்பில் இருந்துவிட்டுத் திரும்பியவர், கடைக்கு வந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, அவரு மௌத்தாயிட்டாரு. காய்ச்சல்தான். இத ஒங்ககிட்டயும் ராஜபாளையத்து அண்ணாச்சிகிட்டயும் குடுக்கச் சொல்லிட்டுப் போனாரு."

அவர் போன பிறகும் நான் அந்தத் துணியை அவிழ்க்கவில்லை. கடைக்கு வந்தவர்களுக்குப் பருப்பும் மிளகாயும் நிறுத்துக் கொடுத்தேன். கடையைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

மறுநாள் கிட்டங்கியில் இருவருமாக அவிழ்த்தோம். பித்தளைத் தகட்டில் செய்த எஞ்சின். புகைக்கூண்டு, மணி, டிரைவர் நிற்குமிடம், முடுக்கிவிடச் சுருள்வில், எல்லாம் இருந்தன. டிரைவர் வலப்பக்கம் நின்றார். அண்ணாச்சி பாதையைத் துடைத்தார், நான் எஞ்சினை வைத்தேன். உட்காரவில்லை. ஒரு பக்கச் சக்கரத்தைப் பாதையில் வைத்தால் மறு பக்கச் சக்கரம் வெளியே தொங்கியது. திருப்பி வைத்துப் பார்த்தோம். எப்படி வைத்தாலும் எஞ்சினின் சக்கரம் எங்கள் பாதையைவிட அகலம்.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது.

"அங்க உள்ள பெரிய கேஜப் பாத்துப் பாத்து நம்ம கேஜ மறந்துட்டாம்லே. நாம இங்க பாதையத் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். அவன் நம்மளயே மறந்துட்டான்."

செத்துப்போனவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நான் கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இறந்துபோனதைவிட மறந்துபோனதுதான் அதிகமாக வலித்தது. அதைச் சொல்ல இன்றும் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்றார். எஞ்சினைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "அந்த ஆளு வீடு எங்க? ஒண்ணு கேக்கணும்" என்றார்.

எஞ்சின் கொண்டுவந்தவர் வீட்டில்தான் இருந்தார். எங்களுக்கு மோர் கொடுத்தார். அண்ணாச்சிக்கு மோர் இறங்கவில்லை.

"அங்க ஓடுத ரயிலப் பாத்துத்தான இதச் செஞ்சான்?"

"ரயிலப் பாக்க எங்க அண்ணாச்சி நேரம்? விடிஞ்சா அடைஞ்சா நாங்க கப்பல்லதான கெடப்போம்."

"கப்பல்லயா? அவன் துணிக்கடையில கணக்குல்லா எழுதுனான்?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு ஒங்ககிட்டச் சொல்லலையா? அந்தக் கடை நாங்க போறதுக்கு முந்தியே மூடியாச்சு. கப்பலுக்குக் கரி மூட்ட ஏத்துற வேல எங்களுக்கு. நானும் அவரும் ஒண்ணாத்தான் தூக்குனோம். சாயங்காலம் செத்த நேரம் கெடைச்சா இதத் தூக்கி வச்சுக்கிடுவாரு. மூணு விரல இந்தச் சக்கரத்துக்கு நடுவுல விட்டு விட்டுப் பாப்பாரு. கோல் ஒண்ணு வாங்கித் தாரேன்னா வேண்டாம்பாரு. எங் கை பொய் சொல்லாதும்பாரு."

சொல்லிக்கொண்டே, எப்படி அளந்தான் என்று காட்ட அவர் தம் மூன்று விரல்களை நீட்டினார். மொத்த மொத்தமான விரல்கள். கணுக்கள் புடைத்திருந்தன. ரேகைகளில் கரி ஏறியிருந்தது, அது இனி எந்தத் தண்ணீரிலும் போகாது. அண்ணாச்சி எஞ்சினைக் கவிழ்த்து அவர்முன் நீட்டினார். அவர் விரல்களை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன.

"அவரு கையும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே மூட்டதான தம்பி" என்றார் அவர்.

அண்ணாச்சியோடு கிட்டங்கிக்குத் திரும்பும் வழி முழுக்க நான் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஏன்டா பொய் சொன்னாய், கரி மூட்டை தூக்குகிறேன் என்று சொன்னால் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டோமா என்று திட்டினேன். அவன் சேதியெல்லாம் பொய். கை மட்டும், அவன் சொன்ன மாதிரியே, பொய் சொல்லவில்லை.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவிட்டுக் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு பாதையருகே உட்கார்ந்தார். அந்தப் பாதையில் என்னை ஓர் ஆணியைக்கூடத் தொட விடாத மனிதர், ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். எஞ்சினையே அளவாக வைத்துத் தண்டவாளத்தை அகற்றி அகற்றி அடித்தார். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் மூக்கு வழியாக வடிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை. "மறந்துட்டான்னு சொல்லிட்டேனேலே" என்றுமட்டும் இரண்டொரு தடவை சொன்னார்.

முடிந்ததும் எஞ்சினை வைத்தோம். உட்கார்ந்தது. நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து பெட்டிகளை எடுத்து வந்தேன். முதல் பெட்டியைப் பாதையில் வைத்தேன். அது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பொத்தென்று விழுந்தது.

அண்ணாச்சி குறட்டை மறுபடி எடுத்தார். "குடுலே, பெட்டிச் சக்கரத்தயும் அகட்டிருவோம்."

நான் கொடுக்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. அவன் பழைய கை இனி இதுலதான் இருக்கு."

அவர் என் கையிலிருந்த பெட்டியையே பார்த்தார். குறட்டைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினை முடுக்கி விட்டார். பெட்டி ஒன்றும் இல்லாமல் அது தனியாக ஓடியது.