மூட்டைக்குள் சூடு

மதுமதி தன் தகப்பன் பூமிநாதனுக்குப் பதினாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு கடன் எப்படி என்று கேட்கிறவர்கள், சொந்தக் கையால் பத்து ரூபாய் சம்பாதித்துப் பார்க்காதவர்களாக இருக்கும். பூமிநாதன் அப்படிப்பட்ட ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆடு மேய்த்தார், கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போட்டார், அந்தக் காசில் ஒரு குறுக்கம், அரைக் குறுக்கம் என்று நிலம் சேர்த்து, இன்றைக்கு இராமநாதபுரம் மண்டித் தெருவில் அவர் மிளகாய் என்றால் நின்று பார்க்கிற அளவுக்கு வந்தவர். குனிந்து வாங்கிச் சாப்பிட்டவரில்லை. அப்பேர்ப்பட்ட மனுசன் நட்டத்தை யார் தலையிலும் சும்மா எழுத மாட்டார். எழுதினால் பெற்ற மகளென்று அழிக்கவும் மாட்டார்.

கடன் வந்த கதை இது. நம் பக்கத்துக் குண்டு மிளகாய்க்கு நிகர் எங்கும் கிடையாது. அதைக் களத்தில் காய வைத்து, சாக்கில் அள்ளிப் போட்டு, உள்ளே இறங்கி மிதித்து மூட்டை பிடிப்பார்கள். நன்றாகக் காய்ந்த மிளகாய் மிதித்தால் நொறுங்கும். அதனால் முதல்நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து விடுவது வழக்கம். எடையும் கொஞ்சம் கூடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். பரம்பரையாக நடக்கிற காரியம், யாரும் கேள்வி கேட்டதில்லை.

மதுமதி கேட்டாள். பதினொன்றாம் வகுப்பில் பூஞ்சையைப் பற்றிப் பாடம் நடந்தது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் போதும், அது வளர்ந்துவிடும், சிலவற்றில் நஞ்சும் உண்டு என்று புத்தகம் சொன்னது. அந்த வாரமே அவள் களத்தில் போய்த் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, தெளிக்காதீக. உள்ளுக்க பூஞ்சணம் பிடிக்கும். வெஷம்."

பூமிநாதனுக்கு மகள் படிப்பின்மேல் வெளியில் சொல்லாத ஒரு பெருமை உண்டு. சரி என்று விட்டுவிட்டார். மறுநாள் உச்சி வெயிலில் ஆட்கள் மிதித்தார்கள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மண்டி முதலாளி ராக்கப்பன் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறைய விதையும் தோலும்.

"ஏலே பூமி, மொளகா கொண்டாரச் சொன்னேன். நீ மொளகாப் பொடியில்ல கொண்டாந்திருக்க."

நாற்பது மூட்டை, ஆயிரம் கிலோ. கிலோவுக்குப் பதினாறு ரூபாய் குறைந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் பூமிநாதன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பதினாறாயிரம். இது உன் கணக்கு தாயி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பாள்.

அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. இயற்பியல் கணக்குகளில் 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்று ஒரு வரி வரும். மற்ற பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். இவள் பேனா அங்கேயே நின்றுவிடும். உலகத்தில் எங்கே உராய்வு இல்லை? எதை விட்டோம், எதைச் சேர்த்தோம் என்று தெரியாமல் வந்த விடைக்கு என்ன மரியாதை? ஒருநாள் இயற்பியல் ஆசிரியை ஃபஸீலாவிடம் மிளகாய்க் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"புத்தகம் விடச் சொன்னா விடு. அதுகூட என்னத்த விடுறோம்னு சொல்லிட்டுத்தான் விடுது. நீ சொல்லாம விட்டுட்டே. மொளகா நொறுங்கும்கிறது உன் கணக்குலயே இல்லை."

பாடம் தப்பில்லை, பாதிப் பாடம்தான் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. மீதிப் பாதி வீட்டிலேயே கிடைத்தது. தாய் சண்முகவள்ளி காயவைத்த கூழ்வற்றல் மத்தியானம் மொறுமொறுவென்று இருந்தது, மறந்து வெளியே விட்டால் விடியும்போது நமத்துப் போயிருந்தது. அவர்கள் ஊரிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடல் காற்று வந்துவிடும், வரும்போது ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். மதுமதி நாலு மிளகாயை முற்றத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் ஒடிந்தது. விடியலில் வளைந்தது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தெளிக்க வேண்டியதில்லை. விடிவதற்குள் மிதித்துவிட்டால் போதும். பாடத்தில் இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். ஆனால் கூலிக்கு வருகிறவர்கள் டீக்கடை திறந்து, டீ குடித்து, வெயில் ஏறித்தான் வருவார்கள். அதனால் ஊரில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை.

இந்த வருடம் பரீட்சை முடிந்த கையோடு அய்யாவிடம் சொன்னாள். பூமிநாதன் வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, மென்று முடித்துப் பிறகுதான் பேசினார்.

"பாதிக் களம் உனக்கு. இருவது மூட்ட. உன் இஷ்டத்துக்குப் பிடி. என் இருவதுக்கு நான் தண்ணி தெளிக்கேன். என் வெலய விடக் கிலோவுக்கு எம்புட்டுக் கூட வருதோ, அது உன் கடன்ல கழியும். கடன் அடைஞ்சா காலேஜு. அடையலன்னா வீட்டோட இருந்து ஆத்தாளுக்கு ஒத்தாசை பண்ணு."

"அவ நம்ம புள்ளங்க. வட்டிக்கடக்காரன் மாதிரிப் பேசுறீகளே," என்றாள் சண்முகவள்ளி.

"புள்ளதான். அதான் வட்டி போடல."

மதுமதி அன்றைக்குப் படுத்தபடியே கணக்குப் போட்டாள். இருபது மூட்டை, ஐந்நூறு கிலோ. கூடுதல் விலையை x என்று வை. பதினாறாயிரத்தை ஐந்நூறால் வகு. x என்பது முப்பத்திரண்டு.

எட்டாம் வகுப்பிலிருந்து அவளுக்கு x மேல் ஆசை. தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயரை வைத்துவிட்டு, தெரிந்தது போலவே கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம், கடைசியில் அதுவே தன் முகத்தைக் காட்டும். ஆனால் இந்த முகத்தைப் பார்த்து அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ராக்கப்பன் மண்டியில் நல்ல சரக்குக்கும் நடுத்தரச் சரக்குக்கும் பத்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்ததில்லை. முப்பத்திரண்டு வரவேண்டுமானால் அவள் மிளகாய் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அய்யாவின் மிளகாய் கெட வேண்டும்.

தாயும் மகளும் விடியலில் மிதித்தார்கள். காலடியில் சத்தமே இல்லை. சிவப்பு நூல் போட்டுத் தைத்தார்கள். பூமிநாதன் வழக்கப்படி தெளித்து, ஆள் வைத்து மிதித்து, வெள்ளை நூல் போட்டார். கொட்டகையில் இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது.

மூட்டையை ஏற்ற வேண்டிய அன்று காலையில் ராக்கப்பன் செல்லில் கூப்பிட்டார்.

"பூமி, சரக்கக் கொண்டாராத. இங்கன எறக்க ஆளில்ல. கூலி கூடக் கேட்டு ஒக்காந்துட்டாங்கெ."

"எப்ப முடியும் அண்ணே?"

"நானும் மூட்ட தூக்கி இந்த மண்டிய வச்சவன்தான். அவங்கெ கேக்குறது ஞாயம். மத்த மொதலாளிமார் ஒத்துக்கிட்டா நாளைக்கே முடியும்."

மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டைகள் கொட்டகையிலேயே நின்றன. நடுவில் ஒரு கோடைமழை பேருக்குத் தூறிவிட்டு, புழுக்கத்தை விட்டுப் போனது. தெளித்த மிளகாய் ஒரு நாளில் மண்டிக்குப் போய், விற்று, மறுபடி காயப்போனால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் வழக்கம் இத்தனை காலம் ஓடியது. சாக்குக்குள்ளேயே நாள் கணக்கில் கிடந்தால் கதை வேறு.

மதுமதிக்குத் தெரியும். ஈரம், வெதுவெதுப்பு, அடைப்பு. புத்தகத்தில் இருந்த மூன்றும் கொட்டகையில் இருந்தன. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் முப்பத்திரண்டு தானாக வந்துவிடும். கல்லூரியும் வந்துவிடும். பந்தயம் போட்டவர் அவர். சொன்னாலும் கேட்பாரா? போன வருடம் வாயைத் திறந்துதானே இந்தக் கடன்?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சண்முகவள்ளி, மகள் பரீட்சை முடிவை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, "தோத்தா என்னத்தா, ஊரே தோக்குது," என்று ஆறுதல் சொன்னாள்.

"தோக்க மாட்டேம்மா. செயிச்சிருவேன். அதான்."

தாய்க்கு விளங்கவில்லை. மதுமதி எழுந்து கொட்டகைக்குப் போனாள். வெள்ளை நூல் மூட்டை ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. சிவப்பு நூல் மூட்டையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அய்யாவின் ஐந்நூறு கிலோவும் அடுப்பில்லாமல் வெந்துகொண்டிருந்தது.

கோணி ஊசியை எடுத்து வெள்ளைத் தையலைப் பிரித்தாள்.

"ஏத்தா." வாசலில் பூமிநாதன் நின்றார். "என் மூட்டயில உனக்கு என்ன வேல?"

அவள் ஊசியைக் கீழே போடவில்லை. "கைய விட்டுப் பாருங்க அய்யா."

"தையல எதுக்குப் பிரிச்ச?"

"திட்டுறத அப்புறமாத் திட்டுங்க. முதல்ல கைய விடுங்க."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பூமிநாதன் அவளை முறைத்துக்கொண்டே முழங்கை வரை கையை இறக்கினார். முகம் மாறியது. எடுத்தபோது விரல்களுக்கு நடுவே நாலைந்து மிளகாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காம்பில் வெள்ளையாக ரோமம் போல ஏதோ. முகர்ந்து பார்த்தார்.

ஒட்டியதைப் பிரித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு நாளா."

"சொல்லாம இருந்திருந்தா ஒனக்குத்தான லாபம்?"

"ஆமா."

"கணக்குப் போட்டியா?"

"போட்டேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆத்தாளக் கூப்பிடு. எல்லாத்தையும் களத்துல கொட்டு."

ஒட்டியதைப் பொறுக்கி எடுத்ததில் ஒரு ஓலைக் கடகம் நிறையக் குப்பைக்குப் போனது. நல்ல வேளை, நடுவில்தான் தொடங்கியிருந்தது. இரண்டு வெயில் காட்டினார்கள். விடியலில் மிதிக்க இப்போது மூன்று பேர். பூமிநாதன் தாமே சாக்குக்குள் இறங்கினார். காலடியில் சத்தம் வராததைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

சுமைக் கூலிச் சண்டை தீர்ந்த மறுநாள் மண்டித் தெருவில் கால் வைக்க இடமில்லை. எல்லா ஊர் மிளகாயும் ஒரே நாளில் வந்து இறங்கியிருந்தது. தெருவெங்கும் நெடி. ராக்கப்பன் மூட்டை மூட்டையாகக் கையை விட்டு, மோந்து, உதறிக்கொண்டு வந்தார்.

"ஊசல். இதுவும் ஊசல். ஒரு வாரம் தண்ணிய அடைச்சு வச்சு ஊறுகா போட்டுக் கொண்டாந்திருக்கீகளா? நூத்தம்பது. வேணும்னா எறக்கு, இல்லேன்னா வண்டியத் திருப்பு."

பூமிநாதன் மூட்டைக்கு வந்தார். சிவப்பு நூலில் ஒன்று, வெள்ளை நூலில் ஒன்று பிரித்தார். முழங்கை வரை விட்டார். ஒரு மிளகாயைக் காதருகே வைத்து அழுத்தினார், உடையாமல் வளைந்தது. மதுமதி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருடம் இதே இடத்தில்தான் அந்தக் கை விதையோடு வெளியே வந்தது.

"எரநூத்திப் பத்து," என்றார் ராக்கப்பன்.

"எதுக்கு?" என்றார் பூமிநாதன்.

"ரெண்டுக்கும்தான். ஒரே சரக்குல எதுக்குலே ரெண்டு நூலு? வீட்டுல நூலு தீந்துபோச்சா?"

இருநூற்றுப் பத்தில் இருநூற்றுப் பத்து போனால் பூஜ்யம். ஐந்நூறு கிலோவால் பெருக்கினாலும் அது பூஜ்யம்தான். மதுமதி கூட்டல் கழித்தலே தெரியாத பிள்ளை போலத் தரையைப் பார்த்தாள். பந்தயப்படி கடன் அப்படியே நின்றது.

எடை முடிந்தது. ராக்கப்பன் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணி நீட்டினார். பூமிநாதன் வாங்கி இடுப்பில் செருகாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணே, ஊசலுக்கு என்ன வெல போட்டீக?"

"நூத்தம்பது. அதுவே பாவம்னு போட்டது."

"நமக்கு எரநூத்திப் பத்து." பூமிநாதன் விரல் கணுக்களை ஒருதரம் எண்ணிக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏத்தா. கிலோவுக்கு அறுவது. என் ஐநூறு கிலோவுக்கு எம்புட்டு?"

"முப்பதாயிரம் அய்யா."

"எனக்கும் கணக்கு அம்புட்டுத்தான் வந்துச்சு." கட்டைப் பிரித்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி அவள் கையில் வைத்தார். "நீ தையலப் பிரிக்கலன்னா அந்த முப்பதாயிரம் போயிருக்கும். இது அதுல பதினாறு. மிச்சம் காலேஜுக்குக் கட்டுறப்ப. இப்ப அண்ணன் சாட்சியா இத எங்கிட்ட எண்ணிக் குடு. கடன அப்படியே விட்டா நாள்பட நாள்பட அது வேற மாதிரி ஆகிப்போகும்."

"காலேஜுல என்னத்தத்தா படிக்கப் போற?" என்றார் ராக்கப்பன்.

"இயற்பியல்."

"அதுல என்ன சொல்லித் தருவாங்கெ?"

"என்னத்த விடலாம், என்னத்த விடக்கூடாதுன்னு."

"பூமி, கையக் காட்டுலே. புள்ள நிக்குதுல்ல."

பூமிநாதன் கையை விரித்தார். கரி மூட்டத்தில் தீய்ந்த தழும்பும், மிளகாய்க் காரம் ஏறிச் சிவந்த ரேகைகளும் தெரிந்தன. மதுமதி வாய்விட்டு எண்ணியபடி ஒவ்வொரு தாளாக அதில் வைத்தாள். ஒருமுறைகூடப் பிசகவில்லை. முப்பத்திரண்டாவது தாளை வைத்துவிட்டுத் தன் கையை எடுத்தாள்.