கறுப்பு அட்டைக்காரர்

வெர்லின் ஆஸ்கார்டை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அதைவிட எரிச்சல் எங்கள் விமானக் கம்பெனி மேல்.

மினியாபொலிஸ் விமான நிலையத்தில் இருபது வருடமாக, பயணிகளை விமானத்தில் ஏற்றும் வாசல் கவுண்டரில் நிற்கிறேன். வெர்லின் பால் கறக்கும் இயந்திரம் விற்பவர். வாரத்தில் நான்கு நாள் பறப்பார். அதற்காகக் கம்பெனி கொடுத்த கறுப்பு அட்டையை, பர்ஸில் மனைவி படத்துக்கு மேலே வைத்திருப்பார். முன்பெல்லாம் அதற்கு மதிப்பு இருந்தது. அதிக விலை முன்வரிசை காலியாக இருந்தால் அவரைக் கூப்பிட்டு இலவசமாக உட்கார வைப்போம். பிறகு கண்டவனுக்கெல்லாம் அட்டையை வாரி இறைத்தார்கள். இப்போது, "கறுப்பு அட்டைக்காரர்கள் வரலாம்" என்று நான் மைக்கில் சொன்னால் கூடமே எழுந்து நிற்கிறது. "மற்றவர்கள்" என்றால் ஒரு கைக்குழந்தைக்காரிதான் மிச்சம்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. வருடக் கடைசியில் பறந்த தூரம் குறைந்தால், டிசம்பர் சனிக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சலிஸ் போய், வெளியே கால் வைக்காமல் அடுத்த விமானத்தில் திரும்புவார். அட்டை போய்விடக் கூடாதாம்! அவர் மனைவி ஆர்டிஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர், அந்த நாட்களில் தனியாகத்தான் சாப்பிடுவார். "முப்பதாவது கல்யாண நாளுக்கு உன்னை முன்வரிசையில ஹவாய் கூட்டிட்டுப் போறேன்" என்பது வெர்லின் கொடுத்த வாக்கு.

போன ஜனவரியில் அந்த நாள் வந்தது. முன்வரிசையில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதை இலவசமாகப் பெறக் காத்திருப்பவர்கள் நாற்பத்தோரு பேர். வெர்லின் இருபத்து மூன்றாவது, அட்டை இல்லாத ஆர்டிஸ் கடைசி.

"திரையில என் பேர் மேல வரும் பாரு. அதுக்குள்ள அட்டைக்காரங்க ஓய்வறையில ஒரு சூப் குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார் வெர்லின்.

"நான்?"

"துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போறதை இந்த வருஷம் நிறுத்திட்டாங்களே, ஆர்டிஸ். பத்தே நிமிஷம்."

அவர் போனதும் அந்தம்மா என்னிடம் வந்தார்.

"காசு குடுத்தா அந்த இடம் கிடைக்குமா?"

"உடனே கிடைக்கும்மா. காசுக்கு வரிசை இல்ல."

"அப்ப இவர் முப்பது வருஷமா எதுக்குப் பறந்தார்?"

நான் விலையைச் சொன்னேன். அந்தம்மா தன் சம்பளக் கார்டை நீட்டினார்.

வாயைத் துடைத்துக்கொண்டே வந்த வெர்லின் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அந்த ஒரு சீட் எங்கய்யா?"

"வித்துப்போச்சு சார்."

"எவனுக்கு?"

"எனக்கு" என்றார் ஆர்டிஸ். "முன்வரிசைன்னு வாக்கு குடுத்தே. நீ நிறைவேத்தற வரைக்கும் நான் உயிரோட இருப்பேனான்னு சந்தேகமா இருந்துச்சு."

"அப்ப நான்?"

"முப்பத்து நாலாவது வரிசை, நடு சீட். எட்டு மணி நேரம்தான், வெர்லின். ஒரு நாள் நீயும் தனியா சாப்பிட்டுப் பாரு."

முன்வரிசைக்காரர்களைக் கூப்பிட்டேன். அந்தம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அடுத்து கறுப்பு அட்டைக்காரர்களைக் கூப்பிட்டேன். கூடமே எழுந்து முண்டியடித்தது.

வெர்லின் மட்டும் உட்கார்ந்திருந்தார்.